பின்சீட்டுப் பாரம்

வேன் சேற்றில் சறுக்கியதும் உள்ளே இருக்கிற அத்தனை பேரும் குதித்து இறங்கித் தள்ளுவது எங்கள் பக்கத்து வழக்கம். மனசு பெரிசுதான். ஆனால் பலாங்கொடைத் தோட்டப் பாதைகளில் ஓடுகிற பழைய மொரிஸ் மைனருக்கும் டொல்பின் வேனுக்கும் எஞ்சின் முன்னால், உதைக்கிற சக்கரம் பின்னால். சோறு ஒருத்தனுக்கு, வேலை இன்னொருத்தனுக்கு. டயரின் பிடி அதன் மேல் அழுத்துகிற பாரத்தைப் பொறுத்தது. பின்சீட்டுக்காரர்கள் இறங்கினால் இருந்த கொஞ்சப் பிடியும் அவர்களோடு இறங்கிவிடும்.

பின்னவலை வழியாகப் பொகவந்தலாவைக்குப் பெண் அழைக்கப் போனபோது, ஐப்பசி மழையில் லயத்துக்கு ஏறுகிற மண் ரோட்டில் சக்கரம் சும்மா சுற்றியது. டிரைவர் தம்பி திரும்பிப் பார்த்தான். “எல்லாரும் எறங்கித் தள்ளுங்க. அத்தை மட்டும் எறங்க வேணாம்.” வேன் ஏறிவிட்டது. பின்சீட்டு மரியாதைக்காகத் தரப்பட்டது என்று அதுவரை நம்பியிருந்த அத்தை, அடுத்த தீபாவளி வரை அவனோடு பேசவில்லை.

அத்தையின் மகன் கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிறான். போன மாதம் பின்சக்கர இழுவைக் கார் ஒன்றை வாங்கிவிட்டு, பனி கொட்டிய காலையில் வாசலைத் தாண்ட முடியாமல் வீடியோ கோல் எடுத்தான். பனிமழையை நான் காலண்டரில்தான் பார்த்திருக்கிறேன். ஆலோசனைக்கு அது தடையா?

“மச்சான், டிக்கியில என்ன இருக்கு?”

“ஒன்னுமில்ல.”

“அதான் வியாதி.”

மணல் மூட்டை வை என்றேன். வால் பக்கம் ஒதுக்காமல் பின் அச்சுக்கு மேலே, உருளாதபடி. சக்கரம் சுற்றினால் அதே மணலை அள்ளி டயருக்கு முன்னால் தூவலாம். அத்தையால் அது முடியாது. ஒரு சக்கரம் பிடி இழந்தால் டிஃபரன்ஷல் சுழற்சியையெல்லாம் அந்தச் சோம்பேறிக்கே கொடுக்கும். நல்ல தரையில் நிற்கிற சக்கரம் வேடிக்கை பார்க்கும். ஹேண்ட்பிரேக்கைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து மெதுவாக அக்சிலரேட்டர் கொடுத்தால் மற்றதும் வேலைக்கு வரும். அவன் காரில் அது பொத்தான். பொத்தானைக் கொஞ்சமாக இழுக்க முடியாது.

மூட்டை புறப்படத்தான் உதவும், நிற்க உதவாது. அதற்குப் பனிக்கால டயர் வேண்டும். வெப்பம் 7 பாகைக்குக் கீழே போனால் சாதாரண டயரின் ரப்பர் விறைத்துவிடும். பனிக்கால டயருடையது இளகியே இருக்கும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை சட்டமே போட்டுவிட்டார்கள். தான் இருக்கிற ஒன்டாரியோவில் கட்டாயமில்லை என்று சட்டம் பேசினான். சட்டமா காரைத் தள்ளும்?

பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அத்தை போனைப் பிடுங்கினார்.

“மூட்டை எதுக்குடா? எனக்கு டிக்கெட் போடு, வாறேன். ஆனா முன்சீட்டுலதான் உக்காருவேன்.”