குருவி விரட்டிய வல்லரசு

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்கள் உலகத்தில் நிறையப் பேர். கப்பல் கூலியும் கொடுத்து அதை வரவழைத்தவர் நியூயார்க்கின் யூஜீன் ஷீஃப்லின். 1890 மார்ச்சில் சென்ட்ரல் பார்க்குக்குப் போய், ஐரோப்பாவிலிருந்து வந்த 60 ஸ்டார்லிங் பறவைகளைத் திறந்துவிட்டார். போதாதென்று மறுவருடம் இன்னொரு 40. ஸ்டார்லிங் நம்மூர் மைனாவுக்குப் பங்காளி. கறுத்த உடம்பு, குளிர்காலத்தில் மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி, ஓயாத வாய்.

ஷேக்ஸ்பியர் நாடகங்களில் வரும் பறவையெல்லாம் அமெரிக்காவிலும் பறக்கவேண்டும் என்று மனிதர் ஆசைப்பட்டாராம். ஆதாரமில்லை என்று ஆராய்ச்சிக்காரர்கள் இப்போது சொல்கிறார்கள். சொல்லட்டும், இவ்வளவு நல்ல கதையை யார் விடுவார்கள்?

வந்த விருந்தாளிகள் முதலில் குடித்தனம் வைத்த இடம், அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இறவாரம். உள்ளே பாடம் பண்ணிய பறவைகளைக் காட்டிக்கொண்டிருந்தார்கள், வெளியே உயிருள்ளது இலவசம். 1940-களில் கலிஃபோர்னியாவரை போய்ச் சேர்ந்துவிட்டன.

பகலில் ஸ்டார்லிங் ஊர்ப்புறத்தில் மேயும். பொழுது சாய்ந்தால்தான் வம்பு. ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்ந்து, கதகதப்பான கட்டடங்களைத் தேடி நகரத்துக்குள் வந்து இறங்கும். இறங்கியதும் தூங்கினாலாவது பரவாயில்லை. இடத்துக்குச் சண்டை, ஊர்வம்பு, கச்சேரி. கீழே போகிறவர் தொப்பி போட்டிருந்தால் பிழைத்தார்.

கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்ட்வாசிகள் 1914-இல் பொறுமை இழந்தார்கள். இழந்தவர்கள் செய்ததென்ன? மரங்களில் கரடி பொம்மைகளைக் கட்டினார்கள். குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்குமே, அந்த டெட்டி பேர்! காலைத் தொங்கப்போட்டுக் கிளையில் உட்கார்ந்திருக்கும் பஞ்சுக் கரடியைப் பார்த்துப் பறவை நடுங்கிவிடும் என்று யாருக்குத் தோன்றியதோ, அவருக்கு ஒரு சிலை வைக்கலாம். ஸ்டார்லிங்குக்கும் உட்கார ஓர் இடம் கிடைக்கும். கரடியை நம்பாத சிலர் கிளைகளுக்கு நடுவே ராக்கெட் வாணம் விட்டார்கள். நமக்கானால் தீபாவளி.

தலைநகர் வாஷிங்டன் மட்டும் தப்புமா? வெள்ளை மாளிகையில் ஒலிபெருக்கி கட்டி ஆந்தை அலறலைப் போட்டார்கள். உலகத்தையே மிரட்டும் முகவரி, இருட்டினால் ஆந்தைக் குரலில் கத்திக்கொண்டிருந்தது. நாடாளுமன்றக் கட்டடத்தில் பிரச்சினை தூணிலேயே இருந்தது. அவை கொரிந்தியத் தூண்கள். உச்சியில் இலை இலையாகக் கல்லில் செதுக்கியிருப்பார்கள். இலைக்கு நடுவே இடுக்கு, இடுக்குக்குள் கதகதப்பு. உதிராத மரத்தை நட்டுவிட்டுப் பறவை வருகிறதே என்றால் எப்படி? கடைசியில் தூண்களில் மின்கம்பி சுற்றினார்கள். மக்கள் பிரதிநிதிகளுக்குப் பாதுகாப்பு என்று வெளியூர்க்காரர்கள் நினைத்திருப்பார்கள்.

லண்டனில் நிலைமை இன்னும் மோசம். 1949 ஆகஸ்டில் ஒருநாள் பிக் பென் கடிகாரத்தின் நிமிட முள்ளில் ஸ்டார்லிங் கூட்டம் வரிசையாக உட்கார்ந்துகொண்டது. கடிகாரம் நாலரை நிமிடம் பின்தங்கியது. இந்தியா கையைவிட்டுப் போய் இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. இப்போது மணியும் போயிற்று.

அப்புறம் பென்சில்வேனியாவில் ஹ்யூபர்ட் ஃப்ரிங்ஸ், ஜோசப் ஜம்பர் என்ற இருவர், பறவையை மிரட்டக் கரடியிடமும் ஆந்தையிடமும் ஏன் போகவேண்டும் என்று யோசித்தார்கள். ஆபத்தில் மாட்டிய ஸ்டார்லிங் போடும் கூச்சலையே டேப்பில் பிடித்து, அந்தியில் கூட்டம் அடையும் மரத்தடியில் ஒலிபெருக்கியில் போட்டார்கள். சொந்தக்காரன் அலறுகிறான் என்றதும் கூட்டம் மூட்டை கட்டியது. 1954-இல் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரையும் வந்தது.

இப்படிக் கிளம்புகிற கூட்டம் ஐரோப்பாவுக்கா திரும்பிப் போகும்? நாலு தெரு தள்ளி நல்ல மரம் இருந்தால் போதும். அந்தத் தெருக்காரர்களும் டேப்பை இரவல் கேட்டு வரவேண்டியதுதான்.