கேளம்பாக்கத்தில் கார்டு கண்ட படலம்

விடுமுறை எந்த இடத்தில் முடிகிறது என்ற கேள்வியைத் தமிழ் ஆய்வுலகம் இதுவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தொடங்கும் இடத்தில் சிக்கல் கிடையாது. மேலதிகாரி லீவு லெட்டரைப் பார்த்து முகத்தைச் சுளித்துக் கையெழுத்துப் போட்ட நொடியில் அது தொடங்கிவிடுகிறது. முடிவில்தான் தகராறு. தென் மாவட்டங்களுக்குப் போய்த் திரும்புகிறவர்களிடையே இதுபற்றி இரண்டு கட்சிகள் உண்டு. மூத்தது பெருங்களத்தூர்க் கட்சி. விடிந்தும் விடியாத வேளையில் கண்டக்டர் "பெருங்களத்தூர்லாம் எறங்கு" என்று குரல் கொடுக்க, தூக்கக் கலக்கத்தில் சீட்டுக்கடியில் ஒற்றைச் செருப்பைக் காலால் துழாவுகிற கணமே விடுமுறையின் கடைசிக் கணம் என்பது அவர்கள் துணிபு. நெடுங்காலம் அசைக்க முடியாதிருந்த இந்தக் கொள்கையை, 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் ஆட்டம் காண வைத்தது. அங்கே பிறந்தது கிளாம்பாக்கக் கட்சி. பெட்டியை இழுத்துக்கொண்டு, மாநகரப் பேருந்து நிற்கும் இடத்தைத் தேடி நடந்து முடிக்கும்போதுதான் விடுமுறை சாகிறது என்று இவர்கள் வாதிடுகிறார்கள். நடந்து பார்த்தவர்கள் மறுப்பதில்லை.

இரு கட்சியாரும் கேளம்பாக்கத்துக்காரனைக் கணக்கில் எடுக்கவில்லை. அவன் வந்திறங்குவது கிளாம்பாக்கம், போக வேண்டியது கேளம்பாக்கம். முன்னது வண்டலூரை ஒட்டி ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது, பின்னது ஓ.எம்.ஆரில், உப்பளங்களுக்குப் பக்கத்தில். நடுவே பதினெட்டு கிலோமீட்டர் போல ஒரு சாலை. "கிளாம்பாக்கம் வந்தாச்சு" என்று மாமனார் போனில் சொல்ல, மாப்பிள்ளை கேளம்பாக்கம் சந்திப்பில் பைக்கோடு நின்று திருநெல்வேலி பஸ்ஸைத் தேடுவதெல்லாம் எங்கள் பக்கத்தில் சகஜம். அல்வா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உயிரியல் பூங்கா, கொளப்பாக்கம், கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் என்று ஒவ்வொன்றாகக் கடக்கிறவனுக்கு விடுமுறை முடிந்துவிட்டதா, இழுபறியில் இருக்கிறதா என்று சொல்ல எந்தக் கட்சியிலும் விதி இல்லை.

ஊர்ப்பெயர்கள் இப்படி ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்பதைத் தபால் துறை எப்போதோ கண்டுகொண்டது. அதற்கு மருந்தாகத்தான் 1972 ஆகஸ்ட் 15 முதல் பின்கோடு வந்தது. அதை வகுத்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் ஒரு சமஸ்கிருதக் கவிஞரும்கூட. ஆறு எழுத்தில் ஊரை அடக்கும் கலை அவருக்குக் கைவந்ததில் வியப்பில்லை. கேளம்பாக்கத்துக்கு 603103. முதல் 6 தமிழ்நாடும் கேரளமும் சேர்ந்த மண்டலத்தைக் குறிக்கும், கடைசி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அலுவலகத்தை. வீட்டுமனை விளம்பரக்காரர்கள் எங்கள் ஊரைச் சென்னையின் இதயம், நுரையீரல் என்று எந்த உறுப்பாக வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும். சென்னை 600, நாங்கள் 603 என்பது தபால்காரருக்குத் தெரியும். ஆகவே இரண்டு பாக்கங்களுக்கும் நடுவே மனிதன் தத்தளிக்கலாம், கார்டு தத்தளிக்காது.

இங்கிருந்து பிறப்பதே இக்கட்டுரையின் கருதுகோள். ஊருக்குப் போய்த் திரும்பியவன் கையில், இன்னும் திரும்பாதவன் எழுதிய கார்டு வந்து சேரும் நொடியில்தான் விடுமுறை முடிகிறது. அதற்கு முன்பு அது முடிவதே இல்லை. தன் விடுமுறை தீர்ந்துபோனதை ஒருவன் தானாக ஒப்புக்கொள்வதில்லை; இன்னொருவனுடைய விடுமுறை தீராமல் இருப்பதைப் பார்த்தால்தான் உறைக்கிறது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட சான்று ஒன்றே ஒன்று. ஒற்றைச் சான்றை வைத்துக்கொண்டு கொள்கை வகுக்கலாமா என்று கேட்பவர்கள் பல்லாவரத்தை நினைத்துப் பார்க்கட்டும். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே சரளைக் குழியில் ஒரு கைக்கோடாரிக் கல்லைப் பார்த்தார். அந்த ஒற்றைக் கல்லிலிருந்துதான் இந்தியாவின் பழைய கற்கால வரலாறு புறப்பட்டது. பல்லாவரம் எங்களுக்குத் தாம்பரத்தைத் தாண்டினால் வந்துவிடும் தூரம். அந்த அக்கம்பக்க உரிமையில் நானும் வீட்டுக் கதவைத் திறக்குமுன் அகழாய்வுக்குத் தயாரானேன்.

பூட்டிய அடுக்குமாடி வீட்டின் கதவிடுக்கு ஒரு தொல்லியல் களம். தரையில் மேலிருப்பது புதியது, கீழிருப்பது பழையது என்ற பொதுவிதி இங்கே செல்லாது. அடியில் செருகப்படும் ஒவ்வொரு தாளும் முன்னதை உள்ளே தள்ளுவதால், கதவிலிருந்து விலக விலகப் பழமை கூடும். இன்னொரு தொல்லை: கதவு உள்பக்கமாகத் திறப்பது. திறக்கும்போதே அடுக்குகள் எல்லாம் துடைப்பம் பட்டதுபோல் ஓரம் கட்டப்பட்டு, காலவரிசை கலைந்துபோகும். வீட்டுக்குள் போனால்தான் ஆராயலாம், போனால் ஆராய ஒன்றும் மிஞ்சாது. நான் கதவைக் கால்வாசி திறந்து, கையை நுழைத்து, தாள் தாளாக எடுத்தேன். பின்னால் பெட்டியோடு நின்ற மனைவி இந்த முறையியல் பற்றிச் சில கருத்துகள் சொன்னார். அவை அச்சுக்கு உரியவை அல்ல.

கிடைத்தவை: தண்ணீர் கேன் சப்ளைக்காரரின் எண் ஒட்டிய துண்டு, "கேளம்பாக்கத்திலிருந்து பத்தே நிமிடம்" என்று திருப்போரூருக்கு அப்பாலுள்ள ஏதோ வயலைப் படம் போட்ட மனை விளம்பரம், நீட் பயிற்சி, பராமரிப்புக் கட்டணம் பாக்கி என்ற சங்கத்து நோட்டீஸ், பழைய தங்க நகைக்கு உடனடிப் பணம். கடைசி இரண்டும் ஒன்றையொன்று ஒட்டியே கிடந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை. கார்டு மட்டும் இல்லை.

அது கேட்டில் இருந்தது. செக்யூரிட்டி மேசையில், விசிட்டர் நோட்டின் அட்டையைச் சுற்றிய ரப்பர் பேண்டுக்குள். மாலையில் பால் வாங்கக் கீழே இறங்கியபோது செக்யூரிட்டி அண்ணன் அதை உருவிக் கொடுத்தார். கொடுக்குமுன்பே, "சார், ஊட்டியில நல்ல குளிராம்" என்றார்.

சான்றைப் பற்றி இனி விரிவாகப் பார்க்கலாம். 14 சென்டிமீட்டர் நீளம், 9 சென்டிமீட்டர் அகலம், விலை 50 பைசா. இதை ஒன்று கொண்டுபோய்ச் சேர்க்க அரசுக்கு 12 ரூபாய்க்கு மேல் ஆகிறது என்று 2016-17 கணக்கு சொன்னது. ஆகவே நமக்கு வரும் ஒவ்வொரு கார்டிலும் நண்பரின் அன்பு 50 பைசாவுக்கும், பாரத சர்க்காரின் அன்பு மீதித் தொகைக்கும் இருக்கிறது. 1869 ஜனவரியில் எம்மானுவேல் ஹெர்மன் என்ற பொருளியல் பேராசிரியர் வியன்னா பத்திரிகை ஒன்றில் எழுதிய யோசனை, அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று ஆஸ்திரியா–ஹங்கேரியில் அஞ்சலட்டையாக வெளிவந்தது. இந்தியாவுக்கு 1879 ஜூலை 1 அன்று, காலணா விலையில் வந்தது. வந்த இடமெல்லாம் கூடவே ஒரு கவலையும் வந்தது: உறை இல்லையே, கண்டவர்கள் படித்துவிடுவார்களே. இந்தக் கவலையைப் பின்னால் கவனிப்போம்.

எழுதியவர் எங்கள் எதிர்வீட்டு நண்பர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கோடை முழுக்க ஊட்டியில் மகள் வீட்டில் இருப்பவர். தலையில் பிள்ளையார் சுழி. பிறகு வாசகம்: "அன்புள்ள தம்பிக்கு, நலம். நலமறிய ஆவல். இங்கே குளிர். வாசலில் உள்ள செம்பருத்தி, துளசி, கறிவேப்பிலைத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றவும். இதைத் தந்திபோல் பாவிக்கவும்." கைபேசி இருக்க ஏன் கார்டு என்று கேட்பவர்கள் இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறார்கள், அங்கேயே நிற்கட்டும்.

"நலம்" என்பதற்கு உரை வேண்டாம். "இங்கே குளிர்" என்பதில்தான் உரையாசிரியனுக்கு வேலை. ஊட்டியில் குளிர் என்பது எவருக்கும் புதிய செய்தி அன்று. செய்தியல்லாத ஒன்றைச் செய்தியாகச் சொன்னால் அதற்குக் குறிப்புப் பொருள் உண்டு. அக்னி நட்சத்திர காலத்தில், ஓ.எம்.ஆர் புழுதியில், மின்விசிறிக்குக் கீழே ஈரத் துண்டைப் போர்த்திப் படுத்திருப்பவனுக்கு எழுதப்பட்ட சொற்றொடர் அது. "உனக்கு அங்கே எப்படி?" என்று கேட்காமல் கேட்கிறது. திணை நோக்கிலும் இது சரியாகப் பொருந்தும். நண்பர் இருப்பது குறிஞ்சி. நான் திரும்பிவந்தது தாமிரபரணிக் கரை மருதத்திலிருந்து. மருதத்துக்கு உரியது ஊடல், மாமியார் வீட்டில் அதற்குக் குறைவில்லை. இடையில் ஜி.எஸ்.டி. சாலை என்ற பாலையைக் கடந்து வந்து சேர்ந்திருப்பது நெய்தல். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். தொல்காப்பியர் எங்கள் ஊர் கரண்ட் பில்லைப் பார்த்ததில்லை, ஆனாலும் சரியாகத்தான் வகுத்திருக்கிறார்.

"தந்திபோல் பாவிக்கவும்" என்பது கார்டு இலக்கியத்தின் பழைய மரபுத்தொடர். தந்திக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் கார்டையே தந்தியாக நினைத்துக்கொண்டு ஓடிவரும்படி உறவினரைக் கேட்ட காலத்தில் உருவானது. கார்டுக்கு வேறு சைகைகளும் இருந்தன. ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணம். சாவுச் செய்தியானால் படித்ததும் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவார்கள். இவையெல்லாம் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். தந்தியோ 2013 ஜூலை 15 முதல் நாட்டிலேயே கிடையாது. இல்லாத ஒன்றைப் போல இருக்கிற ஒன்றைப் பாவிப்பது எப்படி என்பது தத்துவத் துறையினர் பார்க்க வேண்டிய விஷயம். நான் பார்த்தது அஞ்சல் முத்திரையை. தேதிப்படி கார்டு ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை, நாங்கள் ஊருக்குக் கிளம்பிய மறுநாளே வந்திருக்கிறது. இத்தனை காலமாகக் கார்டைக் குறைசொல்லும் உலகம் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: கார்டு நேரத்துக்கு வந்துவிட்டது, வாசகன்தான் லேட்.

அப்படியானால் செம்பருத்தி? அதைக் கேட்கும் துணிவு எனக்கு இல்லை. மாடிக்குப் போகும்போதே கண்ணைத் தரையில் வைத்துக்கொண்டு போனேன். காலையில் பெட்டியோடு வந்தபோது எதிர்வாசலைக் கவனித்ததாகவும் நினைவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தால், தொட்டிகள் மூன்றும் செழித்து நின்றன. செம்பருத்தியில் மொட்டுகூட இருந்தது. மண்ணைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம். திரும்பக் கீழே போனேன்.

"கார்டுல போட்டிருந்துச்சே சார்" என்றார் செக்யூரிட்டி அண்ணன். "நீங்களும் ஊர்ல இல்ல. காஞ்சிடுமேன்னு நான்தான் தெனம் ஒரு குடம் ஊத்தினேன். அந்தக் கறிவேப்பிலைல ரெண்டு கொத்து பறிச்சிக்கிட்டேன், அத மட்டும் சொல்லிடுங்க."

தூது இலக்கியத்தில் வல்லவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார வேண்டும். தூது போகத் தகுந்தவையாகப் பாட்டியல் நூலோர் பத்தைச் சொன்னார்கள்: அன்னம், மயில், கிளி, மேகம், நாகணவாய், தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு. பின்னால் வந்தவர்கள் வரம்பு மீறி நெல்லையும் பணத்தையும் அனுப்பினார்கள்; சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையையே அனுப்பினார். இவை அனைத்துக்கும் ஒரு பொதுக்குறை உண்டு. சொல்ல வேண்டியவரிடம் மட்டும் சொல்லும், அவர் வீட்டில் இல்லாவிட்டால் திரும்பிவிடும். கிளியோ வண்டோ, தலைவி ஊரில் இல்லை என்று அவளுடைய துளசிக்குத் தண்ணீர் ஊற்றியதாக எந்தப் புலவரும் பாடவில்லை. கார்டு வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தது. கேட்டவர்களில் ஒருவர் செய்துவிட்டார். உறை இல்லையே என்று 150 ஆண்டுகளுக்கு முன் கவலைப்பட்ட வியன்னா கனவான்களுக்கு இந்தக் கறிவேப்பிலைச் செடியைக் காட்ட முடியாமல் போனதில் எனக்கு வருத்தம்தான். இதே செய்தி வாட்ஸ்அப்பில் வந்திருந்தால், நான் ரயில்வே கேட்டிலோ மாமனார் வீட்டு மொட்டை மாடியிலோ அதைப் பார்த்து, கட்டைவிரல் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு மறந்திருப்பேன். என் குணம் எனக்குத் தெரியும்.

எஞ்சியது பதில் எழுதும் முறை. ஊட்டி முகவரிக்கு எழுதலாம். ஆனால் பள்ளி திறக்கும் சமயம், கார்டு மலையேறும்போது நண்பர் மலையிறங்கிக்கொண்டிருப்பார். ஆகவே கேளம்பாக்கம் தபால் நிலையத்தில் ஒரு கார்டு வாங்கி, எதிர்வீட்டு முகவரிக்கே, 603103 என்று தெளிவாக எழுதிப் போட்டேன். கதவுக்குக் கதவு எட்டடி இருக்கும். "அன்புள்ள ஐயா, நலம். இங்கே புழுக்கம். செடிகள் நலம். நீர் வார்த்தவர் செக்யூரிட்டி அண்ணன். தாங்கள் கொண்டுவரும் ஊட்டி வர்க்கியில் பாதி அவருக்கு உரியது. என் பங்குக்கு அல்வா தருவேன்." நண்பர் வந்ததும் படிப்பார் என்பது என் கணக்கு.

நண்பர் வருமுன் கார்டு வந்துவிட்டது. அன்று இரவு பைக்கை நிறுத்தும்போது செக்யூரிட்டி அண்ணன் மேசையை விட்டு எழுந்து வந்தார்.

"சார், வர்க்கி அவரு வந்தப்புறம் வாங்கிக்கிறேன். அல்வா வீட்லதான இருக்கு?"