சேற்றுக்கும் கீரைக்கும் என்ன உறவு?

கே: பழவேற்காடு ஏரியில் இறங்கிச் சேற்றை மிதித்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதே, சாக்கடைதான் காரணமா? (வாசகர், மீஞ்சூர்)

சாக்கடை கலக்காத இடத்திலும் அடிக்கும். கால் புதையும் ஆழத்தில் ஆக்சிஜன் கிடையாது. அங்குள்ள பாக்டீரியாக்கள் கடல்நீரின் சல்பேட்டை வைத்தே மூச்சு விடுகின்றன. அதன் கடைசிப் படியை முடிக்கும் நொதியில் இருப்பது சைரோஹீம் என்ற இரும்புச் சேர்மம். வெளியேறுவது ஹைட்ரஜன் சல்பைடு. சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து அதைக் கறுப்பாக்குவதும் அதுவே.

கே: சைரோஹீமுக்கும் ரத்தத்திலுள்ள ஹீமுக்கும் சொந்தமா? (கல்லூரி மாணவி, பொன்னேரி)

பங்காளிகள். நான்கு சிறு வளையங்கள் கோத்த பெரிய வளையம் பார்ஃபிரின். நடுவில் இரும்பு உட்கார்ந்தால் ஹீம். சிறு வளையங்களில் ஒன்றிரண்டின் விளிம்பில் ஹைட்ரஜன் கூடுதலாகச் சேர்ந்தால் ஹைட்ரோபார்ஃபிரின். மாற்றம் சிறியது. ஆனால் வளையம் வளைந்துகொடுக்கிறது, உறிஞ்சும் ஒளி மாறுகிறது, நடுவிலுள்ள உலோகத்தின் குணமும் மாறுகிறது. இந்த வகையில் இரும்பு ஏந்தியது சைரோஹீம். மக்னீசியம் ஏந்தியது பச்சையம். நிக்கல் ஏந்தியது எஃப்430.

கே: எஃப்430 என்றால் போர் விமானம் மாதிரி இருக்கிறதே? (வாசகர், அத்திப்பட்டு)

430 நானோமீட்டர் ஒளியை நன்றாக உறிஞ்சும் மஞ்சள் சேர்மம், அதனால் அந்தப் பெயர். அதில் நிக்கல் இருப்பது தெரிந்தது 1980-ல். நெல்வயல் சேற்றில் கிளம்பும் குமிழியிலும் மாட்டின் ஏப்பத்திலும் உள்ள மீத்தேனை நுண்ணுயிர்கள் உண்டாக்க உதவுவது இதுதான். உப்பேரியில் சல்பேட் பாக்டீரியாக்கள் இரையை முந்திக்கொள்வதால், மீத்தேன் பெரும்பாலும் சேற்றின் இன்னும் ஆழத்தில்தான் உருவாகும்.

கே: புளி விட்டால் கீரையின் பச்சை போய்விடுகிறதே? (இல்லத்தரசி, காட்டூர்)

அமிலம் பச்சையத்தின் மக்னீசியத்தைக் கழற்றிவிட்டு அங்கே இரண்டு ஹைட்ரஜனை வைக்கிறது. பச்சை மங்கிப் பழுப்பாகிறது. கீரைக்குள்ளேயே கொஞ்சம் அமிலம் உண்டு. மூடாமல் வேகவைத்தால் அதில் ஒரு பங்கு ஆவியோடு போகும். புளியைக் கடைசியில் விடுங்கள்.

கே: நண்டில் பி12 உண்டா? (வாசகர், மீஞ்சூர்)

தாராளமாக. ஆனால் அதைத் தயாரிப்பவை நுண்ணுயிர்கள் மட்டுமே. நண்டுக்கு இரை வழியாக வருகிறது. பி12-இன் வளையத்தில் ஒரு கார்பன் குறைவு, நடுவில் கோபால்ட். சைரோஹீம், எஃப்430, பி12 மூன்றும் ஒரே தாய் மூலக்கூறிலிருந்து கிளைத்தவை. பி12-இன் அமைப்பை எக்ஸ் கதிர் கொண்டு கண்டறிந்த டோரதி ஹாட்ஜ்கின் 1964-ல் நோபல் பரிசு பெற்றார்.

கே: பாடு முறையில் (மீன்பிடி இடத்தை முறைவைத்துப் பகிர்ந்து) வலை போடும் எங்களுக்கு இந்த வேதியியல் எதற்கு? (மீனவர், பழவேற்காடு)

முகத்துவாரத்துக்காக. மணல் தூர்ந்து கடல்நீர் வந்துபோவது நின்றால் அடிநீரில் ஆக்சிஜன் குறையும். சல்பைடு சேற்றை விட்டு மேலேறும். மீனும் இறாலும் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் இடத்திலுள்ள ஹீம் இரும்பைப் பிடித்து முடக்கும். முகத்துவாரத்தை ஆண்டு முழுக்கத் திறந்து வைக்கக் கேட்டு நீங்கள் கொடுக்கும் மனுவில், படகு போக வழி வேண்டும் என்பதோடு இந்தக் காரணத்தையும் எழுதுங்கள். வேதியியல் உங்கள் பக்கம் நிற்கிறது.