அடுத்த மைக் வரட்டும்

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில், தென்பெண்ணை ஆற்றை ஒட்டி இருக்கிறது சோரியாங்குப்பம். ஆற்றைக் கடந்து வரும் கடலூர்க்காரர்களில் பலர் வேறு தாகத்துக்காக வருகிறவர்கள். அது வேறு கட்டுரை. இப்போது பேச்சு, இந்த ஊரிலோ இதைப் போன்ற எந்த ஊரிலோ மாடியறையில் குடியிருக்கக்கூடிய ஹோம் ஸ்டூடியோக்காரரைப் பற்றி. புல்லாங்குழல் வாசிப்பார், வாசிப்பார் என்று அவரே சொல்லித்தான் தெரியும். கூரியர் பையன் வழி விசாரிக்காமல் வந்து நிற்கும் வீடு அவருடையது. ஆடியோ இன்டர்ஃபேஸ், கண்டென்சர் மைக், ஸ்பீக்கர் ஜோடி, ஹெட்ஃபோன், ஸ்டாண்டு, பாப் ஃபில்டர் எல்லாம் வந்தாயிற்று. வராதது பாட்டு மட்டும். கேட்டால், "ப்ரீஆம்ப்ல லேசா இரையுதுங்க, அடுத்த மாசம் வேற ஒண்ணு எடுக்குறேன்" என்பார். பதிவு செய்வதற்காகக் கருவி வாங்குவதாக அவர் நம்புகிறார். தன் வாசிப்பைத் தானே கேட்க வேண்டிய நாளைத் தள்ளிப்போடத்தான் வாங்குகிறார் என்பது என் கட்சி.

இரைச்சல் கணக்கையே பார்ப்போம். அவரிடம் இருக்கும் இன்டர்ஃபேஸ் 24 பிட்டில் பதிகிறது. ஏட்டுக் கணக்குப்படி அதன் வீச்சு 144 டெசிபல். நிஜக் கருவிகள் அதற்குக் கீழேதான் நிற்கும், ஆனாலும் குழலோசைக்கு அது தாராளம். அறையோ 30 டெசிபலுக்கு இறங்கவே நள்ளிரவாக வேண்டும். பகலில் மீன்காரர் வண்டி, போர் மோட்டார், ஆடி மாதமானால் கோயில் குழாய் ஸ்பீக்கர், இத்தனைக்கும் மேலே தலைக்கு நேராகச் சுற்றும் ஃபேன். ப்ரீஆம்பின் இரைச்சலைக் கண்டுபிடித்தவருக்கு ஃபேனின் இரைச்சல் கேட்கவில்லை என்றால் காது காரணமாக இருக்க முடியாது. ஃபேனை நிறுத்துவதற்குப் பணம் வேண்டாம். நிறுத்திவிட்டால் வாசிக்க வேண்டியிருக்கும், அதுதான் சங்கடம். சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறாரே முட்டை அட்டை, அது வெளிச்சத்தத்தைத் தடுக்காது. சத்தத்தைத் தடுக்கக் கனம் வேண்டும், அட்டையில் கனம் ஏது? அறைக்குள் எதிரொலியைக் குறைக்க வேண்டுமானால் பஞ்சு மெத்தையைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தாலே ஓரளவு வேலை நடக்கும். மெத்தை வீட்டிலேயே இருக்கிறது. கூரியரில் வராத பொருளை இவர் கருவியாக மதிப்பதில்லை. மைக்கை வாய்த்துளைக்கு நேராக வைத்தால் ஊதும் காற்றும் சேர்ந்து பதியும். சற்றே விலக்கி, மேலிருந்து சாய்த்து வைத்தால் ஓசையே மாறிவிடும். ஒரு சாண் நகர்த்தலில் கிடைப்பதைப் பல ஆயிரம் ரூபாய் மைக்கும் தராமல் போகலாம். ஆனால் எந்த இடம் சரி என்று தெரிய வேண்டுமானால், மறுபடியும் அதே கதைதான், வாசித்துக் கேட்க வேண்டும்.

ரஹ்மானைச் சொல்லி மடக்குவார்கள். கோடம்பாக்கம் வீட்டுக் கொல்லையில் 1989இல் பஞ்சதன் ஸ்டூடியோவை அவர் அமைக்கவில்லையா, 1992இல் 'ரோஜா' வரவில்லையா? வந்தது. ஆனால் ஸ்டூடியோ அமைப்பதற்கு முன்பே பல இசையமைப்பாளர்களின் குழுவில் கீபோர்டு வாசித்துப் பழகிய கை அது. பழகிய கை கருவியைத் தேடிப் போன கதை அது. நம்மவரிடம் கருவி வந்து கையைத் தேடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவிலிருந்து ஓர் உதாரணம் வேண்டுமானால் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' இருக்கிறது. வீட்டில் நாலு டிராக் கேசட் கருவியில் மாதிரிக்குப் பதிந்தது. பின்னர் குழுவோடு ஸ்டூடியோவில் முயன்றும் திருப்தி வராமல், அந்தக் கேசட்டையே ஆல்பமாக்கினார்கள். பில்லி ஐலிஷின் 2019 ஆல்பம் பெரும்பகுதியும் அண்ணனின் படுக்கையறையில் உருவாகி, அடுத்த ஆண்டு கிராமி விருதுகளை அள்ளியது. இதையெல்லாம் நம்மவரிடம் சொல்லிப் பாருங்கள், "அவங்க என்ன மைக் வச்சிருந்தாங்க?" என்றுதான் கேட்பார்.

சம்பாதித்த காசு, குடிக்கவில்லை, சீட்டாடவில்லை, ஆசைக்கு வாங்குகிறார், உமக்கென்ன என்று கேட்கலாம். இந்த ஊரில் அது பலமான வாதம்தான், ஒப்புக்கொள்கிறேன். கேமராவும் பேனாவும் சேர்ப்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள், அவர்கள் தங்களைச் சேகரிப்பவர்கள் என்று சொல்லிக்கொள்கிறார்கள், யாருக்கும் தொந்தரவில்லை. இவர் அப்படிச் சொல்லமாட்டார். பாட்டு தயாராகிக்கொண்டிருப்பதாக ஊரெல்லாம் சொல்லி, மச்சான் கல்யாண வீடியோவுக்குக் குழலிசை தருவதாகவும் வாக்குக் கொடுத்திருந்தார். மச்சானின் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

மென்பொருள் விஷயத்தில் மட்டும் இவர் கையை இறுக்கிவிடுவார். ஆடாசிட்டி இலவசம் என்பதாலேயே அதன்மேல் மரியாதை இல்லை. ரீப்பரை இறக்கி வைத்திருக்கிறார். அதை 60 நாள் சும்மா பயன்படுத்திப் பார்க்கலாம். கெடு முடிந்தாலும் அது நின்றுவிடாது. எத்தனை நாளாகச் சோதித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று திறக்கும்போது கணக்குச் சொல்லும், அவ்வளவுதான். அந்த ஸ்டூடியோவில் இன்றுவரை தவறாமல் பதிவாகிவருவது அந்த ஓர் எண்தான், மூன்று இலக்கத்தைத் தாண்டிவிட்டது.