மீசை வைத்த விஞ்ஞானிகள்

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் கண்டுபிடிப்புத் திறன் புல்லரிக்க வைக்கிறது. பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு முந்தைய சனிக்கிழமை, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்ப் பாருங்கள்; விஞ்ஞானிகளில் பாதிப் பேருக்கு மீசை நரைத்திருக்கும். மழை அலாரம் வேண்டுமா? பிசி547 டிரான்சிஸ்டர், பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி எல்லாம் ஒரே கவரில். 1831-இல் மின்தூண்டலைக் கண்டுபிடிக்க ஃபாரடே கம்பியைச் சுற்றிச் சுற்றி அவதிப்பட்டார். பாவம், அவருக்கு விவரம் போதவில்லை.

சோதனையும் முறைப்படி நடக்கிறது. கண்காட்சிக்கு முதல் நாள் இரவு பதினொரு மணிக்கு அப்பா சால்டரிங் வைக்கிறார், அம்மா தெர்மாகோலில் ஜிகினா ஒட்டுகிறார், விஞ்ஞானி தூங்குகிறார்.

மறுநாள் நடுவர் தகட்டில் தண்ணீர் தெளித்தார். பஸ்ஸர் அலறியது.

“எப்படிப்பா வேலை செய்யுது?”

“அப்பா ஆபீசுக்குப் போயிட்டார் சார்.”

முதல் பரிசு!

கடைசி மேசையில் ஒரு சிறுமி. டார்ச் பல்பு, இரண்டு செல், கொஞ்சம் ஒயர். சாவி, சீப்பு, ஆணி, அழிப்பான் என ஒவ்வொன்றாக இடையில் வைத்து, பல்பு எரிகிறதா என்று நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள்.

“பாதி எரியவே இல்லையேம்மா!” என்று நடுவர் வருந்தினார்.

அவளுடைய பள்ளி டைரியில் குறிப்பும் போயிற்று: பெற்றோர் ஒத்துழைப்பு போதாது.