பெரட்டுக்கு வராத மாட்யூல்: ஓர் ஆராய்ச்சி

கோழிமுட்டை பொரிக்க 21 நாளும் ஏறத்தாழ 37.5 டிகிரி சூடும் வேண்டும். இது கோழிக்குத் தெரியும், லினக்ஸுக்குத் தெரியாது. அதற்குத் தெரியவைக்கப் போய், நெகிரி செம்பிலானில் ரந்தாவ் பக்கத்துத் தோட்ட வீடொன்றில் ஒரு பேரப்பிள்ளை இரவு 11 மணிக்குச் சந்திக்கும் ‘மாட்யூல் நாட் ஃபவுண்ட் எரர்’ என்ற பிழைச்செய்தியே இவ்வாராய்ச்சியின் பொருள். ஆய்வுக்களம்: ஒரு தெர்மோகோல் பெட்டி, 2 பல்பு, 12 முட்டை, ஒரு ராஸ்பெர்ரி பை, டிஎஸ்18பி20 என்ற வெப்ப உணரி. மேற்பார்வை: பாட்டி.

பிழை பிறக்கும் விதத்தைத் தோட்டத்துப் பெரட்டைக் கொண்டே விளக்கலாம். விடியுமுன் கிராணி பேர் கூப்பிடுவார். ஆள் நின்றால் வேலை, நிற்காவிட்டால் லயத்தில் தேடல். பைத்தானும் ‘இம்போர்ட்’ என்ற சொல்லைக் கண்டதும் ‘சிஸ்.பாத்’ என்னும் பட்டியலில் உள்ள ஃபோல்டர்களின் கதவை வரிசையாகத் தட்டும். கடைசிக் கதவிலும் ஆள் இல்லையென்றால் கையை விரித்துவிடும். பட்டியலில் இல்லாத வீட்டுக்குள் ஆள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாலும் அதற்குக் கவலையில்லை. முன்பு ‘இம்போர்ட் எரர்’ என்ற கூட்டுக்குடும்பத்துக்குள் பெயரின்றிக் கிடந்த இந்தப் பிழைக்கு, 2016-இல் வந்த பைத்தான் 3.6-இல்தான் தனிப்பெயர் கிடைத்தது.

இனி, ஆள் ஏன் கிடைக்கவில்லை என்பது பற்றி அறிஞர் பலவாறு கூறுவர்.

ஆள் ஊரிலேயே இல்லை என்பது முதற்கட்சி. உணரியைப் படிக்கும் ‘டபிள்யூ1தெர்ம்சென்சர்’ என்ற மாட்யூல் பைத்தானுடன் கூடவே பிறந்ததன்று. தனியாக நிறுவ வேண்டும். ‘பிப்’ கொண்டு நிறுவுக என்பது பழைய விதி. 2023-இல், பையின் லினக்ஸுக்கு அடிப்படையான டெபியன் 12 வந்தபின் அவ்விதி கேட்டிலேயே மறிக்கப்படுகிறது. தோட்டத்துக்குரிய ஆட்களைத் துரை ‘ஆப்ட்’ வழியாகத்தான் எடுப்பார். பிப் என்ற வெளிக் கங்காணி கொண்டுவரும் ஆளுக்கு அனுமதியில்லை. மீறி நுழைய ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்றொரு வழி உண்டு. செய்யப்போகும் குற்றத்தைத் தன் பெயரிலேயே ஒப்புக்கொள்ளும் இப்படியொரு கட்டளை அபூர்வம். மரியாதையான வழி ‘வென்வ்’: வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு குசினி கட்டிக்கொள்வது. அங்கே எதைச் சமைத்தாலும் துரை கேட்கமாட்டார்.

ஆள் உண்டு, தேடிய வீடுதான் வேறு என்பது இரண்டாம் கட்சி. இதுவே வலியது என்க. பேரன் குசினியில் மாட்யூலை ஒழுங்காக நிறுவிவிட்டு, ஒரு பாதுகாப்புக்கு என்று ‘சூடோ’ போட்டு நிரலை ஓட்டுகிறான். சூடோ போட்டதும் எழுந்து ஓடுவது துரையின் பைத்தான். பங்களாவில் நின்றுகொண்டு குசினியில் இருப்பவரைக் கூப்பிட்டால் யார் வருவார்? ‘விச் பைத்தான்3’ என்று ஒரு தடவையும், அதையே சூடோவுடன் மறுதடவையும் கேட்டுப் பார்த்தால் இரண்டு முகவரி வரும். பேரன் கேட்டான். வந்தது. இரவு மணி 12.

செக்ரோல் பதிவேட்டில் ஒரு பெயர், லயத்தில் கூப்பிடுவது வேறு பெயர் என்பது மூன்றாம் கட்சி. டிஎச்டி22 என்ற வேறோர் உணரி வைத்திருப்பவர்கள் படும் பாடு இது. அவர்கள் நிறுவுவது ‘அடாஃப்ரூட்-சர்க்யூட்பைத்தான்-டிஎச்டி’, கூப்பிடுவது ‘அடாஃப்ரூட்_டிஎச்டி’. அவர்களுக்குத் தேவையான ‘போர்டு’ என்பவரோ ‘பிளிங்கா’ என்ற பெயரில் நிறுவப்படுபவர். தெரியாமல் ‘போர்டு’ என்றே நிறுவினால், சம்பந்தமில்லாத இன்னொரு போர்டு வந்து பெரட்டில் கைதூக்கிவிடும். பிழைச்செய்தி போய்விடும், வேலை நடக்காது. வராத ஆளைவிட இந்த ஆள் ஆபத்து.

மாட்யூல் என்ற ஒரே சொல் இரு சாதியாரைக் குறிப்பது இன்னொரு குழப்பம். ‘டபிள்யூ1-தெர்ம்’ லினக்ஸ் கெர்னலின் மாட்யூல்; பைத்தானுக்கு உறவில்லை. அதை எழுப்பாவிட்டால் பைத்தான் மாட்யூல் வந்து நின்றும், படிக்க உணரி இருக்காது. எழுந்துவிட்டால் 28 என்று தொடங்கும் பெயரில் ஓர் அடைவு தோன்றும்; சூடு ஆயிரத்தால் பெருக்கிய எண்ணாக அதற்குள் உட்கார்ந்திருக்கும்.

பேரனின் டிஎஸ்18பி20 உணரி −55 முதல் 125 டிகிரி வரை அளக்கும். முட்டைக்கு ஏராளம், ரப்பர் ஷீட் காயும் புகைவீட்டின் 60-க்கும் தாராளம். செம்பனைக் குலையை ஏறத்தாழ 140 டிகிரி நீராவியில் அவிக்கும் ஆலை உருளைக்குள் போட்டால் மட்டும், மாட்யூல் கிடைத்தும் உணரி கிடைக்காது.

12.40-க்கு நிரல் ஓடியது. திரையில் 85 டிகிரி. இது முட்டையின் சூடன்று. மின்சாரம் கிடைத்து விழித்ததும், எதையும் அளக்குமுன்பே அந்த உணரி வைத்திருக்கும் எண். கம்பி சரியாகப் பிடிக்காவிட்டால் அதையே திரும்பத் திரும்பச் சொல்லும். இதைப் பேரன் விளக்கத் தொடங்குமுன் பாட்டி பெட்டியைத் திறந்துவிட்டார்.

“எம்பத்தஞ்சா? அப்ப வெந்திருக்குமே தம்பி, உரிச்சிடவா?”