மையடித்து நிறுத்திய பூமி

ஓடுகிற பூமியை நிறுத்த எவ்வளவு மை வேண்டும்? ஒரு புத்தகத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் அடித்தால் போதும் என்று 1620-இல் ரோமாபுரி முடிவு கட்டியது. பூமி நகர்கிறது என்று சொன்ன கோப்பர்நிக்கஸின் நூல் அச்சேறியது 1543-இல். அது ஆபத்தான சரக்கு என்று திருச்சபைக்கு உறைக்க 73 ஆண்டுகள் ஆயின.

அடியோடு தடைசெய்ய மனம் வரவில்லை. கிரகக் கணக்குகள் வேண்டுமே! ஆகவே 1616-இல் ‘திருத்தும்வரை நிறுத்திவைப்பு’. நான்கு வருஷம் யோசித்துத் திருத்தப் பட்டியல் போட்டார்கள். பூமியின் மூவகை அசைவு பற்றிய அத்தியாயத்தின் தலைப்பில் ‘அனுமானம்’ என்று நுழை. சூரியன், சந்திரனோடு பூமியையும் விண்மீன் என்கிற தலைப்பை மாற்று. அண்டத்தின் விரிவைக் கண்டு, படைத்தவன் கைவேலை எத்தனை பெரிது என்று கோப்பர்நிக்கஸ் மெய்சிலிர்த்த வரி ஒன்று இருந்தது. அதையும் அடி! இத்தனைக்கும் அவர் ஒரு பேராலயத்தில் பதவி வகித்தவர். ஆண்டவனைப் புகழவும் அலுவலக முத்திரை வேண்டும் போலும்.

இத்தாலியில் இருந்த பிரதிகளில் பாதிக்கு மேல் மை பூசப்பட்டன. வெளியே ஏறக்குறைய ஒருவரும் தொடவில்லை. அதாவது எல்லைக்குள் நின்ற பூமி, எல்லை தாண்டியதும் சுற்றத் தொடங்கியது. கலீலியோ தம் பிரதியிலும் அடித்தார், அடியில் இருப்பதைப் படிக்கும்படி லேசாக.

புத்தகத்துக்கு மை, மனிதருக்கு? 1633 ஜூனில், எழுபதை நெருங்கிய கிழவர் கலீலியோவைச் சித்திரவதை என்று மிரட்டி, மண்டியிட வைத்து, பூமி அசையவில்லை என்று சொல்ல வைத்தார்கள். அப்புறம் வீட்டுச் சிறை. கண் இரண்டும் போன பிறகும் விடுதலை இல்லை. 1642-இல் சாவுதான் அவரை விடுவித்தது.

பூமி நகர்வதற்கு விண்மீன் ஒளியிலிருந்தே வானியலாளர் பிராட்லி சான்று காட்டி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 1820-இல், செத்தேலே என்ற ரோமாபுரிப் பேராசிரியரின் வானியல் பாடநூலுக்கு அனுமதி தர மறுத்தார் தணிக்கைத் தலைவர். காரணம், பூமி அதில் நகர்ந்தது! தடைப்பட்டியலிலிருந்து கோப்பர்நிக்கஸின் பெயர் நீங்கியது 1835-இல்.

கலீலியோ வழக்கை ஆராய 1981-இல் ஆய்வுக்குழு. 1992-இல் போப் இரண்டாம் ஜான் பால், அன்றைய இறையியலாளர்கள் தவறிவிட்டார்கள் என்றார். நல்லது. கூடவே, இருதரப்பும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளாமல் போன சோகம் என்றும் சொன்னார். இருதரப்பாம்! ஒருவர் கையில் தொலைநோக்கி, இன்னொருவர் கையில் சித்திரவதைக் கூடத்தின் சாவி. எதைப் புரிந்துகொள்ளாமல் மண்டியிட்டாராம் அந்தக் கிழவர்?